தேவாரம் என்ற சொல் எங்கிருந்து வந்தது? கடலூர்ப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மாவட்டத்தில் எந்தச் சாலையில் போனாலும் ஒரு பாடல் பெற்ற தலம் வந்துவிடும். திருப்பாதிரிப்புலியூர், திருவதிகை, திருமாணிக்குழி, திருச்சோபுரம், திருமுதுகுன்றம் என்று அழைக்கப்பட்ட விருத்தாசலம், பெண்ணாகடம், சிதம்பரம். அங்கெல்லாம் சுவரில் பதித்த கல்லில் தேவாரப் பதிகம் இருக்கும். அதைப் படிப்பவர்கள் பாட்டின் பொருளைக் கேட்பதற்கு முன்னால் அந்தத் தலைப்புச் சொல்லையே கேட்கிறார்கள். அப்படி வரும் கேள்விகளுக்கான விடைகள் இவை.

தேவாரம் என்றால் என்ன? முதலில் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

திருஞானசம்பந்தர், திருநாவுக்கரசர் என்கிற அப்பர், சுந்தரர் ஆகிய மூவர் சிவபெருமான்மேல் பாடிய பதிகங்களின் தொகுப்பு. பன்னிரு திருமுறைகளில் முதல் ஏழு இதற்குள் அடங்கும். 1, 2, 3 சம்பந்தருடையவை. 4, 5, 6 அப்பருடையவை. 7 சுந்தரருடையது. மொத்தம் 8,000 பாடல்களுக்கு மேல். அப்பரும் சம்பந்தரும் 7ஆம் நூற்றாண்டில் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்கள். சுந்தரர் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்.

சொல்லின் பொருளைக் கேட்டால், 'வழிபாடு' என்பதே என் விடை. ஏன் என்று சொல்லத்தான் மீதிப் பக்கம் முழுவதும்.

தே + ஆரம், அதாவது தெய்வத்துக்குச் சூட்டிய மாலை என்றுதானே பள்ளியில் படித்தோம்?

ஆமாம், பலருக்கும் முதலில் தெரிந்த விளக்கம் அதுதான். அதைத் தள்ளிவிட முடியாது. 'தே' என்ற ஓரெழுத்துச் சொல்லுக்குத் தெய்வம் என்ற பொருள் தமிழில் உண்டு. நன்னூல் கணக்குப் போடும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளில் அதுவும் ஒன்று. 'ஆரம்' மாலை. மூவருமே தங்கள் பாட்டை மாலை என்று சொல்லிக்கொண்டவர்கள். சம்பந்தரும் அப்பரும் பாடியதைச் சுந்தரர் திருவலிவலத்தில் 'நற்றமிழ்மாலை' என்கிறார். 'நல்லிசை ஞானசம்பந்தனும் நாவினுக்கரசரும் பாடிய நற்றமிழ்மாலை சொல்லியவே சொல்லி' ஏத்துவதை இறைவன் உகக்கிறான் என்பது அந்த அடியின் கருத்து. மூவரில் இருவரைப் பற்றி மூன்றாமவரே சொன்ன சான்று இது என்பதால் எனக்கு மிகவும் பிடித்த அடி.

ஆனால் கவனியுங்கள். மாலை என்கிறார்கள், தமிழ்மாலை என்கிறார்கள். 'தேவாரம்' என்ற சொல்லை அவர்கள் தம் பாட்டுக்குப் பெயராக வைக்கவில்லை. மாலை என்ற கருத்து பாடல்களுக்குள் இருக்கிறது, சரி. தேவாரம் என்ற சொல் அந்தக் கருத்திலிருந்துதான் பிறந்தது என்பதற்கு அது போதாது.

அப்படியானால் தே + வாரம்?

இங்கேதான் விஷயம் சூடுபிடிக்கிறது. 'வாரம்' என்ற சொல்லுக்கு நம் பக்கம் பல பொருள்கள் உண்டு. இந்தக் கேள்விக்கு இரண்டு போதும்.

ஒன்று, இசை. சிலப்பதிகாரத்தில் மாதவி அரங்கேறும்போது தோரிய மகளிர், அதாவது ஆடி முதிர்ந்த பெண்கள், 'வாரம் இரண்டும் வரிசையில் பாட' என்று இளங்கோ எழுதுகிறார். வாரம் என்பது சொல் ஒழுக்கமும் இசை ஒழுக்கமும் சேர்ந்து நடக்கும் பாட்டு என்று உரைக்காரர்கள் விளக்குவார்கள். அதன்படி தேவாரம் என்றால் தெய்வத்துக்குப் பாடும் இசைப்பாட்டு. பண்ணோடு பாடுகிற நூலுக்கு இந்தப் பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது என்று இசை தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

இன்னொன்று, அன்பு. சுந்தரர் காஞ்சிபுரத்து ஓணகாந்தன்தளியில் பாடும்போது 'வாரமாகித் திருவடிக்குப் பணிசெய் தொண்டர் பெறுவதென்னே' என்று கேட்கிறார். அன்பு வைத்து உன் அடிக்கு வேலை செய்கிறோமே, எங்களுக்கு என்ன கிடைக்கிறது என்று உரிமையோடு கேட்கிற கேள்வி. அடுத்த வரியே 'ஆரம் பாம்பு'. உன் கழுத்து மாலையோ பாம்பு, நீ எதைத் தரப்போகிறாய் என்று தொடர்கிறார். வாரமும் ஆரமும் ஒரே பாட்டில் பக்கத்துப் பக்கத்து வரியில் நிற்பதைப் பார்க்கும்போது, இந்தச் சொல்லுக்குப் பொருள் தேடுகிற எவருக்கும் ஒரு கணம் மூச்சு நிற்கும். இந்தப் பாட்டை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பதும் உண்மை. அன்பு என்ற பொருள் அந்தக் காலத்திலேயே வழக்கில் இருந்தது என்பதற்கு மட்டும் இது சான்று.

கல்வெட்டுகள் என்ன சொல்கின்றன?

என் விடைக்கு அடிப்படையே இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டில் 'தேவார தேவர்' என்ற சொல் வருகிறது. அரசர் தாமே வழிபடுவதற்காக எழுந்தருளுவித்த இறைத் திருமேனியை அப்படிக் குறிக்கிறார்கள். இங்கே தேவாரம் என்பதற்குப் பாட்டு என்று பொருள் வைத்தால் தொடரே நிற்காது. வழிபாடு என்று வைத்தால் உடனே விளங்குகிறது: வழிபாட்டுக்குரிய தேவர். ராஜேந்திர சோழன் காலத்தில் 'தேவார நாயகம்' என்ற பொறுப்பில் ஓர் அதிகாரி இருந்திருக்கிறார். அங்கேயும் வழிபாட்டுப் பொறுப்பாளர் என்ற பொருள் இயல்பாகப் பொருந்துகிறது.

இதே தஞ்சைக் கோயிலில் மூவர் பாடல்களைப் பாட ராஜராஜன் 48 பேரை நியமித்தான். கூடவே உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர். ஆக 50 பேர். அந்தக் கல்வெட்டில் அவர்கள் பாடுவதற்கு என்ன பெயர் தெரியுமா? 'திருப்பதியம்'. ஒரே கோயில், ஒரே அரசன். பாட்டைச் சொல்ல ஒரு சொல், வழிபாட்டைச் சொல்ல வேறு சொல். எழுதியவர்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

திருப்பதியம் என்ற வழக்கு ராஜராஜனுக்கும் முந்தையது. 9ஆம் நூற்றாண்டில், பல்லவர் ஆட்சியிலேயே, திருவல்லத்துக் கல்வெட்டு 'திருப்பதியம் பாடுவார்' என்று குறிக்கிறது.

பதியம், பதிகம் இரண்டும் ஒன்றா?

ஒன்றுதான். பத்துப் பாடல் கொண்டது, பெரும்பாலும் பதினோராவதாக ஒரு முடிப்புப் பாட்டும் இருக்கும். இந்த வடிவத்தை மூவருக்கும் முன்னால் கையாண்டவர் காரைக்கால் அம்மையார். அதனால்தான் அவர் திருவாலங்காட்டில் பாடியவற்றுக்கு 'மூத்த திருப்பதிகம்' என்று பெயர். காரைக்கால் இன்று புதுச்சேரி ஆட்சிப்பகுதியைச் சேர்ந்தது என்பதால், பதிகத்தின் தாய் புதுச்சேரிக்காரர் என்று அங்குள்ளவர்கள் பெருமைப்பட்டால் மறுக்க மாட்டேன்.

பிறகு எப்போது 'தேவாரம்' பாட்டுக்குப் பெயரானது?

14ஆம் நூற்றாண்டில் இரட்டைப் புலவர்கள் பாடிய ஏகாம்பரநாதர் உலாவில் 'மூவர் முதலிகளும் தேவாரம் செய்த திருப்பாட்டும்' என்று வருகிறது. மூவர் பாட்டோடு இந்தச் சொல் சேர்ந்து வரும் பழைய இடமாக ஆய்வாளர்கள் இதைத்தான் காட்டுவார்கள்.

தொடரை இன்னொரு முறை படியுங்கள். 'தேவாரம் என்ற திருப்பாட்டு' என்று சொல்லவில்லை. 'தேவாரம் செய்த திருப்பாட்டு.' தேவாரம் என்பது செய்யப்படுகிற ஒன்று. மூவர் வழிபாடு செய்தார்கள், அந்த வழிபாடு பாட்டாக இருந்தது. வழிபாட்டின் பெயர் பாட்டின்மேல் ஏறும் நேரத்தில் இந்த வரி எழுதப்பட்டிருக்கிறது என்று நான் படிக்கிறேன். சொல் இடம் மாறும்போது நடுவழியில் பார்த்துவிடுவது அபூர்வம். இங்கே பார்க்க முடிகிறது.

மூவர் பாடலுக்கும் தேவாரம் என்றே பெயரா, தனித்தனிப் பெயர் உண்டா?

உண்டு. மரபில் சம்பந்தர் பாடல்களுக்குத் திருக்கடைக்காப்பு, அப்பர் பாடல்களுக்குத் தேவாரம், சுந்தரர் பாடல்களுக்குத் திருப்பாட்டு என்று பெயர். சம்பந்தர் பெரும்பாலும் ஒவ்வொரு பதிகத்தின் கடைசியிலும் தம் பெயரைச் சொல்லி, இதைப் பாடுவோருக்கு என்ன பயன் என்று காப்பு வைத்து முடிப்பார். அதனால் கடைக்காப்பு. பிற்காலத்தில் தேவாரம் என்ற ஒரே பெயர் மூன்றையும் மூடிக்கொண்டது. மூவர் பாடலும் சேர்ந்த முழுத் தொகுப்பை 'அடங்கன்முறை' என்றும் சொல்வார்கள். பழைய ஓதுவார்கள் வாயில் இந்தச் சொல் இன்னும் புழங்குகிறது.

மூன்று பெயரில் தேவாரம் ஏன் அப்பருக்கு?

கடலூர்க்காரர்கள் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். அப்பர் நம் மண்ணின் ஆள். பண்ருட்டிப் பக்கத்துத் திருவாமூரில் பிறந்தவர். பிறந்தபோது வைத்த பெயர் மருள்நீக்கியார். இளமையில் சமணம் சேர்ந்து, பாடலிபுத்திரம் என்று அப்போது பெயர் பெற்றிருந்த திருப்பாதிரிப்புலியூரில் தருமசேனர் என்ற பெயரோடு சமணப் பள்ளியில் இருந்தார். அந்தப் பாடலியும் இந்தப் பாதிரியும் ஒரே மரத்தின் பெயர்கள்தான். பாடலேசுவரர் கோயிலுக்குத் தலமரம் இன்றும் பாதிரி.

சூலை நோய் வந்து, திருவதிகையில் இருந்த தமக்கை திலகவதியாரிடம் போனார். கெடில நதிக்கரையில் இருக்கிற வீரட்டானேசுவரர் கோயிலில் பாடிய முதல் பதிகம் 'கூற்றாயினவாறு விலக்ககலீர்'. அதன் ஆறாவது பாட்டு இப்படித் தொடங்குகிறது:

'சலம்பூவொடு தூபம் மறந்தறியேன்
தமிழோடிசை பாடல் மறந்தறியேன்'

தண்ணீர், பூ, தூபம், தமிழோடு இசை பாடல். பூசைத் தட்டில் இருக்கிற பொருள்களின் வரிசையில் பாட்டையும் வைக்கிறார். வேறெங்கும் இவ்வளவு பச்சையாக, இவ்வளவு எளிமையாக இதை நான் படித்ததில்லை. பாட்டு என்பது பூசைக்கு இடையில் வருகிற அலங்காரம் இல்லை. அதுவே பூசை. தேவாரம் என்ற சொல்லுக்கு வழிபாடு என்று பொருள் கொண்டால், அந்தச் சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கவுரை கிடையாது. அதுவும் அவருடைய முதல் பதிகத்திலேயே இருக்கிறது.

சேக்கிழார் இதே கருத்தை வேறு ஊரில் வைத்துச் சொல்கிறார். திருவெண்ணெய்நல்லூரில் சுந்தரரை இறைவன் தடுத்தாட்கொண்டபோது 'அர்ச்சனை பாட்டே ஆகும், ஆதலால் மண்மேல் நம்மைச் சொற்றமிழ் பாடுக' என்று கேட்டதாகப் பெரியபுராணம் கூறும். அர்ச்சனை பாட்டே ஆகும்! 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழாருக்கு இது ஐயமில்லாத உண்மையாக இருந்திருக்கிறது.

இன்னொரு சிறு கேள்வியும் வரும். சமணத்தில் பல காலம் இருந்துவிட்டு வந்தவர் 'மறந்தறியேன்' என்று எப்படிப் பாடலாம் என்பார்கள். உள்ளுக்குள் விட்டதே இல்லை என்று சொல்கிறார் என்பார்கள் சிலர். இனி மறக்க மாட்டேன் என்ற உறுதி என்பார்கள் சிலர். எனக்கு முதல் விடைதான் நெருக்கம். நோயில் துடிக்கிறவர் வாதம் செய்யவில்லை, மன்றாடுகிறார்.

உழவாரம் என்ற கருவியில் வரும் 'வாரம்' இதுதானா?

அப்பர் கையில் எப்போதும் இருக்கும் உழவாரப் படை, கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கும் கருவி. தேவாரம், உழவாரம் என்று ஒலி சேர்வதால் பலர் முடிச்சுப் போடுகிறார்கள். ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து ஒரே வேர் என்று சொல்லக் கூடாது. பொருளில் மட்டும் ஓர் உறவைப் பார்க்கலாம். வாயால் ஒரு பணி, கையால் ஒரு பணி.

இந்தக் கையால் செய்த பணிக்கு இருந்த மரியாதையைப் பாருங்கள். சுந்தரர் திருவதிகைக்கு வந்தபோது, அப்பர் உழவாரப் பணி செய்த மண்ணைக் காலால் மிதிக்கத் துணியாமல் ஊருக்கு வெளியே சித்தவட மடத்தில் இரவு தங்கினார் என்கிறது பெரியபுராணம்.

வாரம் என்றால் ஏழு நாள், அல்லது குத்தகை இல்லையா?

ஏழு நாள் என்ற வாரம் வடமொழியிலிருந்து வந்த வேறு சொல். 'நிலத்தை வாரத்துக்கு விட்டிருக்கிறேன்' என்று விவசாயிகள் சொல்லும் வாரம் விளைச்சலில் பங்கு. இரண்டையும் தேவாரத்தோடு சேர்க்க வேண்டாம்.

திருவாசகமும் தேவாரமா?

இல்லை. மாணிக்கவாசகரின் திருவாசகமும் திருக்கோவையாரும் எட்டாம் திருமுறை. தேவாரம் ஏழோடு முடிகிறது. கோயிலில் எதைப் பாடினாலும் 'தேவாரம் பாடுகிறார்கள்' என்று பொதுவாகச் சொல்வது பேச்சு வழக்கு. அதில் தப்பில்லை.

பாடல்கள் எப்படிக் கிடைத்தன? பண் யார் அமைத்தது?

திருமுறைகண்ட புராணம் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. சிதம்பரம் கோயிலில் மூவர் கைச்சாத்தோடு பூட்டிய அறையில் ஏடுகள் இருந்தன. மூவர் வந்தால்தான் திறப்போம் என்று தில்லைவாழ் அந்தணர்கள் சொல்ல, அரசன் மூவர் திருமேனிகளையும் எழுந்தருளச் செய்தான். திறந்து பார்த்தால் கறையான் புற்று. மீந்ததை நம்பியாண்டார் நம்பி தொகுத்தார்.

இதுவரை எல்லோரும் சொல்வார்கள். அதற்கு அடுத்த பகுதியைத்தான் நம் மாவட்டத்திலேயே பலர் அறியவில்லை. ஏடு கிடைத்துவிட்டது, பாடும் முறை தெரியவில்லை. சம்பந்தரோடு ஊர் ஊராகப் போய் யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் ஊர் எருக்கத்தம்புலியூர். அதே ஊரில் அவர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண்முறையை வகுத்தார்கள் என்கிறது அந்தப் புராணம். அந்த எருக்கத்தம்புலியூர் இன்று விருத்தாசலம் பக்கத்து ராஜேந்திரப்பட்டினம். ஆக, புராணத்தின்படி ஏடு கிடைத்ததும் பண் கிடைத்ததும் இன்றைய கடலூர் மாவட்டத்துக்குள். அந்தப் பெண்ணின் பெயரைப் புராணம் சொல்லாமல் விட்டுவிட்டதே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

திருமுறை, அருட்பா என்ற சொற்களுக்காகக் கடலூரில் வழக்கே நடந்ததாமே?

வடலூர் வள்ளலார் பாடல்கள் 1867இல் 'திருவருட்பா' என்ற பெயரில், திருமுறைகளாகப் பகுத்து வெளிவந்தன. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தரப்பு இதைக் கடுமையாக எதிர்த்தது. அருட்பா என்றால் தேவாரம், திருவாசகம் முதலியவைதான் என்பது அவர்கள் நிலை. கண்டன நூல்கள் இரு பக்கமும் பறந்தன. சண்டை முற்றி மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. ஒரு நூலுக்கு எந்தச் சொல் பெயராகலாம் என்பதில் தொடங்கிய சண்டை அவ்வளவு தூரம் போனது என்றால், அந்தச் சொற்கள் அன்றைக்கு மக்களுக்கு எவ்வளவு உயிராக இருந்தன என்று யோசித்துப் பாருங்கள்.

புதுச்சேரிக்கும் தேவாரத்துக்கும் என்ன தொடர்பு?

தலம் என்று பார்த்தால், சம்பந்தர் பாடிய திருவடுகூர் இன்றைய புதுச்சேரிப் பகுதியில் உள்ள திருவாண்டார்கோயில்தான். காரைக்கால் பக்கம் திருநள்ளாறு இருக்கிறது.

பதிப்பு என்று பார்த்தால், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1984 முதல் தி. வே. கோபாலய்யர் பதிப்பில் தேவாரத்தை வெளியிட்டது. பிரான்சுவா குரோவும் அதில் பங்கு கொண்டார். பாடல்களை யாப்பு, பண், தலம் என்று எல்லாக் கோணத்திலும் அலசிய பதிப்பு அது. பின்னால் 2007இல் பாடல், மொழிபெயர்ப்பு, தல வரைபடம், ஓதுவார் குரல் எல்லாம் சேர்ந்த கணினிப் பதிப்பும் புதுச்சேரியிலிருந்தே வந்தது. அந்த நிறுவனத்தின் சைவச் சுவடித் தொகுப்பை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பேருந்தில் போய்வரக்கூடிய தூரத்தில் இப்படி ஒரு இடம் இருப்பது இங்குள்ள மாணவர்களுக்குப் பெரிய கொடை.

புதிதாகப் படிக்கிறவர் எதிலிருந்து தொடங்கலாம்?

முதல் திருமுறையிலிருந்து வரிசையாகப் போனால் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்லும் வழி வேறு. நான்காம் திருமுறையைக் கையில் எடுங்கள். முதல் பதிகம் திருவதிகை, 'கூற்றாயினவாறு'. பண் கொல்லி. அதைக் கோயிலிலேயே உட்கார்ந்து படியுங்கள். பண்ருட்டியிலிருந்து மிகப் பக்கம்.

அடுத்து 11ஆம் பதிகம், 'சொற்றுணை வேதியன்'. அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டபோது பாடியது என்பது மரபு. 'கற்றுணைப் பூட்டியோர் கடலில் பாய்ச்சினும் நற்றுணையாவது நமச்சிவாயவே' என்ற வரி இதில்தான்.

அப்புறம் 94ஆம் பதிகம். கல் மிதந்து அவர் கரையேறிய இடம் என்று சொல்லப்படும் ஊர் இன்றும் கரையேறவிட்டகுப்பம் என்ற பெயரோடு கடலூரில் இருக்கிறது. அங்கிருந்து திருப்பாதிரிப்புலியூர் போய்ப் பாடினார்: 'ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய் உடன் தோன்றினராய்'. அந்தப் பாட்டில் வரும் 'தோன்றாத்துணை' என்ற சொல்தான் பாடலேசுவரருக்குத் தோன்றாத்துணைநாதர் என்ற பெயரைக் கொடுத்தது. மூன்று பதிகம், முப்பது பாட்டு. மனப்பாடம் செய்ய அவசரப்பட வேண்டாம். ஓதுவார் ஒருவர் பாடக் கேட்டுக்கொண்டே புத்தகத்தைப் பார்த்தால் சொல் பிரிப்பு தானாகப் பிடிபடும். சித்திரைச் சதயம் அப்பர் குருபூசை. அன்று சிவன் கோயில்களில் பதிகம் பாடுவதைக் கேட்கலாம்.